அலுவலர் போனாலும் கோப்பு போகக்கூடாது



ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கிறார். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளத் துண்டு, தோட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் எல்லாம் வேண்டும். சம்பளத்தில் அவர் கட்டியது 8 வீதம், கம்பனி கட்டியது 12 வீதம். அது அவருடைய வாழ்நாள் உழைப்பு.

அந்தப் பத்திரங்கள் இன்று எங்கே இருக்கின்றன? பல இடங்களில் சங்க அலுவலர் அவற்றைப் போனில் படமெடுத்து, தன் சொந்த ஜீமெயில் கணக்கின் கூகுள் டிரைவில் போட்டு வைக்கிறார். லயத்துக் கூரை ஒழுகிக் காகிதம் நனைவதைவிட இது நல்லதுதான். ஆனால் அவர் நாளை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகலாம். வேறு சங்கத்துக்கும் போகலாம். கோப்பும் அவரோடு போய்விடும்.

“எங்களுக்கும் பகிர்ந்திருக்கிறாரே” என்பார்கள். பகிர்ந்தாலும் உரிமை அவரிடமே இருக்கிறது. அவர் கணக்கை அழித்தால் நம் கண்ணிலிருந்தும் கோப்பு மறைந்துவிடும். சும்மா விட்டாலும் ஆபத்துத்தான். 2 வருடம் பயன்படுத்தாத தனியாள் கணக்குகளை அழிக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் போயின. மறுபிரதி இல்லாதவை போனவை போனவைதான். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் இன்று ஈழத்து நூல்களோடு மலையக வெளியீடுகளையும் காத்து வருகிறது. அங்கே ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சேகரிப்பு நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் நிலைத்திருக்கிறது.

இணையத்தில் போட்டால் போதும் என்றும் இருக்க முடியாது. 2023 ஓகஸ்டில் அரசின் இணையச் சேமிப்பகத்தைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு மறுபிரதி இல்லை.

நம் சங்கம் மூன்று காரியம் செய்ய வேண்டும்.

1. கோப்புகள் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும். கணக்கை மீட்கும் போன் இலக்கம் சங்கம் வாங்கிய சிம்மாக இருக்க வேண்டும். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும்.

2. அலுவலர் விலகும்போது கமிட்டி முன்னிலையில் கோப்புப் பட்டியலில் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அவருடைய போனிலுள்ள அடையாள அட்டைப் படங்களையும் அழிக்க வேண்டும்.

3. 3 மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுத்துப் பூட்டி வைக்க வேண்டும்.

சிலருக்கு இது கசக்கும். கோப்பைக் கையில் வைத்திருப்பவர் பின்னால்தான் அங்கத்தவர்கள் நிற்பார்கள் என்பது சங்கங்களில் பழைய கணக்கு. அந்தக் கணக்குக்குத் தொழிலாளியின் சேமலாப நிதியைப் பணயம் வைக்கக்கூடாது. ஒழுங்காக ஒப்படைத்துப் போகிறவருக்கும் இது பாதுகாப்பு. நாளைக்கு ஒரு கடிதம் காணாமல் போனால் அவர்மீது பழி வராது.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: “என் பத்திரம் யார் பெயரிலுள்ள கணக்கில் இருக்கிறது?” சந்தா கட்டும் ஒவ்வொருவருக்கும் இதற்குப் பதில் கேட்க உரிமை உண்டு.