தட்டின் முன் உண்மை



மதுபானத்தைக் குறித்து நம் பிரசங்க பீடங்கள் உரத்துப் பேசுகின்றன. புகையிலையையும் சூதாட்டத்தையும் தயங்காமல் கண்டிக்கின்றன. போஜனத்தைக் குறித்து மட்டும் மௌனம் காக்கின்றன. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செல்லும் வீடுதோறும் பெரிய துண்டு போதகரின் இலையில்தான் விழுகிறது. அவர் எப்படிப் பேசுவார்? ஆனால் நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் குடிவெறியரையும் பெருந்தீனிக்காரரையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டு, இருவருடைய முடிவும் வறுமையே என்கிறது. ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு மற்றவருக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கும் சபை அந்தப் பகுதியைப் பாதிதான் வாசித்திருக்கிறது என்பேன்.

எத்தனை இட்டிலி உண்ணலாம் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். உணவைக் குறித்து நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் பொய்களைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் மன்னா சலித்துப்போன ஜனங்கள் அழுகிறார்கள். எகிப்தில் உண்ட மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அவற்றையெல்லாம் கிரயமின்றி உண்டதாகவும் சொல்கிறார்கள். கிரயமின்றியா? செங்கல் சூளையில் முதுகு வளைந்ததும், ஆண்பிள்ளைகள் நைல் நதியில் எறியப்பட்டதும் அந்த உணவின் கிரயம் அல்லவா? பூண்டின் வாசனை நினைவில் நின்றது. சவுக்கின் தழும்பு மறந்துபோயிற்று. பசி பொய் சொல்லாது. இச்சையோ நம் ஞாபகத்தையே திருத்தி எழுதிவிடும். அந்த இடத்திற்குக் கிப்ரோத் அத்தாவா, அதாவது இச்சையின் கல்லறைகள், என்று பெயர் வந்ததை நாம் அறிவோம். அந்தக் கல்லறைகளுக்கு முன்னே அப்படியொரு பொய் ஞாபகம் இருந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே பொய்யை வேறொரு வாசல் வழியாகக் கண்டவர் ஹிப்போ நகரத்துப் பேராயர் அகுஸ்தீன். ஏறக்குறைய கி.பி. 400-இல் எழுதிய தம்முடைய அறிக்கைகள் நூலின் 10-ஆம் புத்தகத்தில் அவர் சாப்பாட்டைக் குறித்து வெளிப்படையாகப் பேசுகிறார். உணவை மருந்தைப்போல உட்கொள்ள வேண்டும் என்று அவர் கற்றிருந்தார். ஆனால் பசியின் வேதனையிலிருந்து நிறைவின் ஓய்வுக்குக் கடந்து செல்லும் வழியிலேயே இன்பம் கண்ணி வைத்துக் காத்திருந்தது. கேட்பது சரீரத்தின் தேவையா, தேவையின் வேஷம் போட்ட இன்பமா என்று பல வேளைகளில் அவருக்கே தெரியவில்லை. அடுத்து அவர் சொல்வதுதான் என்னை நிறுத்திவிடுகிறது. அந்தத் தெளிவின்மையில் ஆத்துமா மகிழ்ச்சி அடைகிறதாம். எது தேவை என்று திட்டமாகத் தெரியாதவரை, ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லி இன்பத்தை மறைத்துக்கொள்ளலாம் அல்லவா?

அருமையானவர்களே, இது நம் வீட்டுப் பேச்சு அல்லவா? "மாத்திரை போட வேண்டும், கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால்தான் தாங்கும்." "வீணாய்ப் போய்விடுமே என்று சாப்பிட்டேன்." "அவர்கள் மனம் நோகக்கூடாதே." இவற்றில் சில வேளை உண்மையும் உண்டு. சாக்குப்போக்குக்கு வலிமை தருவது அதனுள் இருக்கும் அந்தச் சிறு உண்மைதான்.

நம் நடுவில் வழங்கும் இன்னொரு பேச்சு இவற்றைவிட ஆபத்தானது. "ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்பது அது. சர்க்கரை நோயுள்ள சகோதரர் ஒருவர் கிறிஸ்துமஸ் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லும்போது அது விசுவாசத்தைப்போலவே ஒலிக்கிறது. ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொள்ளப்படும் உணவு பரிசுத்தமாகிறது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது மெய்தான். ஆனால் விவாகத்தையும் சில உணவுகளையும் தடைசெய்த கள்ளப் போதகர்களுக்கு விரோதமாக அவர் அதை எழுதினார். சீனியின் குணம் மாறும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனும் வசனத்தோடுதான் வந்தான். ஆறாத புண்ணால் காலை இழந்தவர்களுக்காக மருத்துவமனைக் கட்டிலருகே ஜெபிக்க வேண்டியிருக்கிற எந்தப் போதகரும் இந்தப் பேச்சை இலகுவாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் ஒழுங்காயிருந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்துவிட்டதென்று சாட்சி சொல்கிறவர்களும் உண்டு. மருத்துவர்கள் எச்பிஏ1சி என்ற மற்றொரு பரிசோதனையும் எடுப்பார்கள். அது ஏறக்குறைய மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டிவிடும். லெந்து காலத்தின் 40 நாட்களும் சிலருக்கு அந்த இரண்டு நாட்களைப்போல ஆகிவிடுகின்றன. மாமிசத்தை விலக்கிவிட்டு நெய் தோசையோடு உபவாசத்தை முடிக்கிறோம். உயிர்த்தெழுந்த திருநாளின் மதியமே பழைய கணக்கு மொத்தமும் தீர்க்கப்படுகிறது. (மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்க வேண்டாம். அது பக்திக்குக் குறைவல்ல.)

இதுவரை வாசித்துவிட்டுப் பருமனான ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருவருடைய உடல்வாகைக் கொண்டு அவர் இருதயத்தைப் படிக்க முடியாது. பெருந்தீனிக்குப் பல முகங்கள் உண்டென்று பெரிய கிரகோரியார் சொன்னார். வேளைக்கு முன்னே உண்பதும், விலையுயர்ந்ததையே தேடுவதும், பக்குவத்தில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதும் அவர் கணக்கில் அடங்கும். குழம்பில் உப்பு சற்றுக் குறைந்ததற்காக மனைவியை அழவைக்கும் ஒல்லியான மூப்பரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

உண்ணாமல் பொய் சொல்கிறவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டி உண்ணும் தாய், "எனக்குப் பசியில்லை" என்கிறார். கண்ணாடிக்குப் பயந்து தட்டை ஒதுக்கும் மகளும் அதே வார்த்தையைச் சொல்கிறாள். துக்கத்தையும் தனிமையையும் இரவு பத்து மணிக்குமேல் யாருமறியாமல் மிக்சர் டப்பாவோடு ஆற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவைக் கர்த்தர் முதலில் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் கொடுத்தார். கேள்வி ஓரேபிலேதான் வந்தது. ஆகவே உங்கள் உள்ளத்தின் வெறுமையை அவரிடம் சொல்ல அஞ்சாதிருங்கள். "நான் உதவாதவன், எனக்கு அடக்கமே வராது" என்று உங்களையே நொந்துகொள்வதை மட்டும் உண்மை என்று எண்ணிவிடாதீர்கள். அதுவும் மிகைப்படுத்தப்பட்ட ஒரு பொய்தான். மாற வேண்டிய பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது.

என்ன செய்யலாம்? சாப்பாட்டுக்கு முன் நாம் ஜெபிக்கும் ஜெபம் பெரும்பாலும் பத்து விநாடிதான். அதில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஆண்டவரே, எனக்கு இப்போது பசிக்கிறதா? விடை இல்லை என்று வந்தால், பின் எது கேட்கிறது என்றும் அவரிடமே கேளுங்கள். ஒரு வாரம் உண்டதையெல்லாம், நின்றுகொண்டே வாயில் போட்டதையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அதை வேறொருவருக்குக் காட்ட வேண்டாம். கர்த்தர் முன் வாசித்தால் போதும்.

சபையாகவும் நமக்குப் பங்கு உண்டு. கொரிந்து சபையின் பந்தியில் ஒருவன் பசியாயிருக்க மற்றவன் வெறித்திருந்தான். பவுல் அதை இராப்போஜனம் என்று அழைக்கவே மறுத்தார். நம்முடைய அசன விருந்திலோ உபசரிப்பு என்ற பெயரில் ஒருவரையொருவர் வற்புறுத்துகிறோம். வேண்டாம் என்று இலையின்மேல் கை வைக்கும் பெரியவரைப் பார்த்து, "ஒரு நாள்தானே ஐயா" என்று கையை விலக்கிவிட்டு ஊற்றுகிறோம். பந்தியின் கடைசியில் அமர்ந்திருக்கும் வாட்ச்மேனின் குடும்பத்துக்குக் கறி தீர்ந்துபோயிருக்கும். அடுத்த விருந்தில் பரிமாறுகிற வாலிபர்களே, அந்தக் கடைசி வரிசையிலிருந்து வாளியைத் தொடங்குங்கள். பெரியவர் இலையை மூடினால், மூடட்டும்.