மரம் ஒன்று, சுவை பல

நீல ஆனைக்கற்றாழை என்ற ஒரே இனத்திலிருந்து வடிப்பதுதான் மெக்சிக்கோவின் தெக்கீலா. ஆயினும் மேட்டுநிலத்து மது இனிக்கும், பள்ளத்தாக்கு மதுவில் மண்வாசம் எழும் என்பர் சுவைஞர்.

மாத்தளையின் கித்துளும் அப்படித்தான். தமிழகத்தார் கூந்தற்பனை என்பது இம்மரத்தையே. இரத்தோட்டையிலும் லக்கலையிலும் கித்துள் கள் பருகியிருக்கிறேன். முன்னதில் இனிப்பும் பின்னதில் புளிப்பும் தூக்கல். நிலத்தோடு, சீவுபவரின் கைப்பக்குவமும் இறக்கிய நேரமும் சுவையை மாற்றும்.

கடைக்கு வரும் கித்துள் பாணியிலோ சீனிக் கலப்படம் இந்த வேறுபாட்டை அழிக்கிறது. தெக்கீலாவிலும் பிற சர்க்கரை 49 விழுக்காடு வரை சேர்க்கலாம். ஆனால், சேர்க்காததற்கே '100%' என்ற முத்திரை. ஊர்ப்பெயரும் கலப்பளவும் நம் போத்தலிலும் கட்டாயமாக வேண்டும். அப்போதுதான் உயிரைப் பணயம் வைத்து மரமேறுபவருக்கு உரிய விலை கிடைக்கும். சீனிக்கும் கித்துளுக்கும் ஒரே விலையென்றால், யார் மரமேறுவார்?