தட்டினால் பிடி தளர வேண்டும்

மக்களவையில் 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் போராடிக் கொண்டிருந்த நாள் அது. அந்த அமளிக்கு நடுவே, விரிவான விவாதம் இன்றியே மசோதா கரையேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் இசைவு கிடைத்து சட்டமாயிற்று. சுதந்திர இந்தியாவின் விளையாட்டுத் துறையில் மிகப்பெரிய சீர்திருத்தம் என்று இதை விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா வர்ணித்தார்.

சீர்திருத்தம் தேவை என்பதில் ஐயமில்லை. அந்தத் தேவையை நாட்டுக்கு உணர்த்தியவர்கள் அமைச்சர்களோ, அதிகாரிகளோ அல்லர். நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜந்தர் மந்தர் நடைபாதையில் 2023-இல் படுத்துக் கிடந்த மல்யுத்த வீராங்கனைகள்தான். ஆனால், அவர்களின் போராட்டத்திலிருந்து கற்க வேண்டிய பாடத்தை இந்தச் சட்டம் முழுமையாகக் கற்றிருக்கிறதா? கூட்டமைப்பின் அலுவலகம் வரை சென்ற சட்டம், பயிற்சிக் கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டதோ என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேட, நம் நாட்டில் இன்னும் பரவலாக அறியப்படாத ஒரு விளையாட்டைப் பார்ப்பது உதவும். தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் கற்பிக்கப்பட்டு வரும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுதான் அது.

பலவீனரின் கலை: பெயரில் பிரேசில் இருந்தாலும் இதன் வேர் ஜப்பானில் உள்ளது. 1882-இல் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோ மரபில் தேர்ந்த மிட்சுயோ மேடா என்ற வீரர், 1914-இல் பிரேசிலுக்கு வந்தார். பின்னர் அமேசான் பகுதியிலுள்ள பெலேம் நகரில் குடியேறினார். அவர் வழியாக வந்த கலையைக் கார்லோஸ் கிரேசியும் அவருடைய சகோதரர்களும் தங்கள் பாணியில் வளர்த்தெடுத்தனர். எதிராளியைத் தரையில் கிடத்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை இறுக்கியோ பணிய வைப்பது இதன் சாரம். உடல் வலிமை குறைந்தவரும் நெம்புகோல் தத்துவத்தால் வலியவரை வெல்லலாம் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடைபெற்ற முதலாவது யுஎஃப்சி போட்டியில், தோற்றத்தில் ஒல்லியான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று எதிராளிகளைப் பணிய வைத்தார். அதன் பிறகே உலகம் இந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தது. இன்று கலப்புத் தற்காப்புப் போட்டிகளில் இறங்கும் எவரும் இதைக் கற்காமல் இருக்க முடியாது. மல்யுத்த வீராங்கனை ரிது போகாட் 2019-இல் அந்தக் களத்துக்கு மாறினார். உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் 2024 ஜூனில் யுஎஃப்சி போட்டியில் வென்ற முதல் இந்தியர் ஆனார். இத்தகைய வெற்றிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும் சிறுவர், சிறுமியர்தான் பயிற்சிக் கூடங்களைத் தேடிச் செல்கின்றனர்.

தட்டும் உரிமை: அந்தக் கூடங்களில் சேரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித் தரப்படுவது ஒரு பிடியோ, எறியோ அன்று, தட்டுவது. பிடியில் சிக்கியவர் எதிராளியின் உடலிலோ தரை விரிப்பிலோ கையால் இரண்டு மூன்று முறை தட்டினால், அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும். கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாமே' என்று ஏளனம் செய்யக் கூடாது. கருப்புப் பட்டை பெற்ற ஆசானுக்கும் நேற்றுச் சேர்ந்த வெள்ளைப் பட்டைக்காரருக்கும் இந்த விதி ஒன்றே.

இது கருணையினால் பிறந்த விதி அன்று. முழங்கைப் பூட்டு சிறிது மிகுந்தால் மூட்டு பிசகும். கழுத்துப் பிடி சரியாக விழுந்தால் சில விநாடிகளில் நினைவு தப்பும். தட்டினால் விடுவார்கள் என்ற உறுதி இல்லாவிட்டால் யாரும் யாருடனும் பயிற்சி செய்ய முடியாது. கலையே அழிந்துவிடும். ஒவ்வொரு நாளும் தன் கழுத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துத்தான் இதைக் கற்க வேண்டியிருக்கிறது. எனவே, தட்டும் உரிமை என்பது ஒழுக்க போதனை அல்ல, அமைப்பின் அஸ்திவாரம்.

போட்டியிலும் இதே நிலைதான். வீழ்த்தினால் 2 புள்ளி, கால்களின் தடுப்பைத் தாண்டினால் 3 புள்ளி, மேலே அமர்ந்து ஆதிக்கம் பெற்றால் 4 புள்ளி என்று கணக்கு உண்டு. ஆனால், எவ்வளவு புள்ளிகள் முன்னிலையில் இருந்தாலும் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. அது மட்டுமல்ல, எந்த வயதினருக்கு, எந்தப் பட்டையினருக்கு எந்தப் பிடி அனுமதி என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. பெரியவர்களுக்கு அனுமதிக்கப்படும் பல பிடிகளைச் சிறார் மீது பிரயோகித்தால் தகுதி நீக்கம்தான். சிறார் ஆட்டத்தில் அவர்கள் தட்டும் வரை நடுவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

தட்டாதவருக்கும் பாதுகாப்பு உண்டு என்பதற்கு இந்தக் கலையின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1951-இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவுடன் ஹீலியோ கிரேசி மோதினார். தன்னைவிட எடையில் மிகப் பெரியவரான கிமுராவின் பூட்டில் கை சிக்கிய பிறகும் ஹீலியோ தட்டவில்லை. ஓரத்தில் நின்ற மூத்த சகோதரர் கார்லோஸ் தலையிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பூட்டு இன்றும் "கிமுரா' என்றே அழைக்கப்படுகிறது. தட்ட இயலாதவர், தட்டத் துணியாதவர் சார்பில், பார்த்துக் கொண்டிருப்பவர் தட்ட வேண்டும் என்ற கடமையை அந்த நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஆசானின் கையில்: இவ்வளவு சிறந்த விதியை வைத்திருக்கும் இந்தக் கலைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தரை விரிப்புக்கு வெளியே தட்டுவதற்கு இடமில்லை. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்பு என்று ஐந்து படிகளைக் கடக்கச் சுமார் பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலான கூடங்களில் எழுத்துத் தேர்வோ வெளித் தேர்வாளரோ கிடையாது. பட்டையைத் தருவதும் தள்ளிப்போடுவதும் ஆசானின் விருப்பம். கருப்புப் பட்டை பெற்றவர் தனிக் கூடம் தொடங்கிப் பிறருக்குப் பட்டை வழங்குகிறார். யாரிடம் கற்றார் என்பதே அவருடைய தகுதிச் சான்று. ஆசானைப் பகைத்துக் கொண்டால் பத்தாண்டு உழைப்பு வீண். பிரேசிலிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் மீது மாணவிகள் பாலியல் புகார் கூறியதும், அந்தக் குரல்கள் நெடுநாள் கூடத்துக்குள்ளேயே அமுக்கப்பட்டதும் இதன் விளைவுதான்.

இங்கேதான் அந்தக் கதை நம் கதையாகிறது. பட்டைக்குப் பதிலாக அணித் தேர்வு, ஆசானுக்குப் பதிலாகக் கூட்டமைப்புத் தலைவர் என்று மாற்றிப் படித்தால் 2023-இன் இந்திய மல்யுத்தம் கண்முன் நிற்கும்.

ஜந்தர் மந்தரில் தட்டியவர்கள்: அப்போது மல்யுத்த சம்மேளனத் தலைவராகவும் ஆளும் கட்சியின் மக்களவை உறுப்பினராகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி, 2023 ஜனவரி 18-ஆம் தேதி வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் போராட்டத்தைத் தொடங்கினர். மேரி கோம் தலைமையில் மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது. பலன் இல்லை என்று கூறி ஏப்ரல் 23-ஆம் தேதி மீண்டும் நடைபாதைக்கு வந்தனர். உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே, ஏப்ரல் 28-ஆம் தேதி தில்லி காவல்துறை முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தது. புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட மே 28-ஆம் தேதி அதை நோக்கிப் பேரணியாகச் செல்ல முயன்றவர்கள் சாலையில் இழுத்துச் செல்லப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர்.

2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அவர் அவற்றை மறுத்துள்ளார். சிறார் ஒருவர் தொடர்பான போக்ஸோ வழக்கை முடித்துவைக்கக் கோரிய காவல்துறையின் அறிக்கையை 2025 மே 26-ஆம் தேதி நீதிமன்றம் ஏற்றது. குற்றம் நடந்ததா, இல்லையா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். நமது கேள்வி வேறு. ஒலிம்பிக் பதக்கம் வென்ற ஒருவர் புகார் கூற நடைபாதையைத் தவிர வேறு இடமில்லை என்றால், ஹரியாணாவின் ஏதோ ஒரு கிராமத்து அகாடாவில் பயிலும் 14 வயதுச் சிறுமி எங்கே போய்த் தட்டுவாள்?

சட்டம் எட்டாத இடம்: புதிய சட்டத்தில் நல்ல அம்சங்கள் உள்ளன. விளையாட்டு அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் குறைந்தபட்சம் நான்கு பெண்களும் சிறந்த விளையாட்டு வீரர்கள் இருவரும் இடம்பெற வேண்டும். தேசிய விளையாட்டு வாரியம் அங்கீகாரத்தைக் கவனிக்கும். தகராறுகளுக்குத் தீர்ப்பாயம் உண்டு. பெண்களையும் சிறாரையும் பாதுகாக்கும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கைக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. ஆனால், இவை அனைத்தும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளையும் அவற்றின் இணைப்புக் கிளைகளையும் சுற்றியே அமைந்துள்ளன. எந்தக் கூட்டமைப்போடும் இணையாத தனியார் கூடம் ஒன்றில் வாடகை இடத்தில் விரிப்பைப் போட்டு, பலகை மாட்டிக் கற்பிக்கத் தொடங்குபவரை இச்சட்டம் என்ன செய்யும்? அவருக்கு அங்கீகாரமும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.

வேறு சட்டங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டபோதே, விளையாட்டு நிறுவனங்கள், அரங்குகள், போட்டித் திடல்கள் "பணியிடம்' என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டன. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடங்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, சிறார் மீதான குற்றத்தை அறிந்தவர் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. அதாவது, ஓரத்தில் நின்ற கார்லோஸின் கடமையை நம் சட்டம் எல்லோர் மீதும் சுமத்தியிருக்கிறது. ஆயினும், பல தேசியக் கூட்டமைப்புகளிலேயே முறையான உள் புகார்க் குழு இல்லை என்ற செய்தியின் பேரில் 2023 மே மாதம் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தாமாக முன்வந்து விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. கூட்டமைப்புகளின் கதியே இதுவென்றால், சந்துக்குள் இருக்கும் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜிம்னாஸ்டிக் மருத்துவர் லாரி நாசரின் கொடுமைகள் வெளிப்பட்ட பிறகு, அமெரிக்காவில் புகார்களை விசாரிக்கக் கூட்டமைப்புகளுக்கு வெளியே ஒரு தனி மையம் 2017-இல் தொடங்கப்பட்டது. தடை செய்யப்பட்ட பயிற்சியாளர்களின் பட்டியலை எந்தப் பெற்றோரும் பார்க்கலாம். அந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. அது ஒலிம்பிக் இயக்கத்தைச் சேர்ந்த விளையாட்டுகளுக்கானது. ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஜியு-ஜிட்சுவின் தனியார் கூடங்கள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. நாம் அந்த ஏற்பாட்டைப் பின்பற்றும்போது அந்த ஓட்டையையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?: ஒவ்வொரு கூடத்துக்கும் உரிமம் என்று தொடங்கினால் லைசென்ஸ் ராஜ்யம் திரும்பிவிடும், லஞ்சம் பெருகும், எளிய அகாடாக்கள் மூடப்படும் என்ற எதிர்வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. குரு - சீடர் உறவை ஓர் ஆய்வாளரின் படிவத்தில் அடைக்கவும் முடியாது. எந்தப் பிடியைக் கற்பிக்க வேண்டும், யாருக்கு எந்தப் பட்டை என்பதில் அரசுக்கு வேலை இல்லை.

அரசு செய்ய வேண்டியவை மூன்றுதான். முதலாவது, சிறார் பயிலும் எந்தக் கூடமும் தன் பெயரையும் பயிற்சியாளர்களின் பெயரையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அது அனுமதி கோரும் விண்ணப்பமாக இல்லாமல் தகவல் அறிவிப்பாக மட்டும் இருந்தால் போதும். இரண்டாவது, குற்றம் நிரூபிக்கப்பட்டோ விசாரணையில் தடை விதிக்கப்பட்டோ நீக்கப்பட்ட பயிற்சியாளர்களின் தேசியப் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஒரு மாநிலத்தில் நீக்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் பலகை மாட்டுவதை அது தடுக்கும். மூன்றாவது, புகார் செய்யும் இடம் கூடத்துக்கும் கூட்டமைப்புக்கும் வெளியே இருக்க வேண்டும். மாவட்ட உள்ளூர்க் குழுவின் தொலைபேசி எண் ஒவ்வொரு கூடத்தின் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எனவே, தில்லியின் விதிகளுக்காக மாநிலங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் செய்யும் மாநிலம் மற்றவற்றுக்கு வழிகாட்டும். மத்திய அரசும் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையின் பயனைத் தனியார் பயிற்சிக் கூடங்கள் வரை கொண்டுசெல்ல வழிகாண வேண்டும். மக்களவையில் விரிவான விவாதமின்றி நிறைவேறிய சட்டத்தின் மீது, அதன் கீழ் வகுக்கப்படும் விதிகள் அவையில் வைக்கப்படும்போதாவது இரு தரப்பு உறுப்பினர்களும் பேச வேண்டும்.

2023 டிசம்பர் 21-ஆம் தேதி, மல்யுத்த சம்மேளனத் தேர்தலில் பிரிஜ் பூஷணின் ஆதரவாளரான சஞ்சய் சிங் வென்ற அன்று, சாக்ஷி மாலிக் தன் காலணிகளைச் செய்தியாளர்கள் முன் மேஜையில் வைத்து ஓய்வை அறிவித்தார். மல்யுத்தத்தில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்த முதல் பெண்மணி அவர். ஓர் ஆண்டு முழுவதும் தட்டியும் பிடி தளரவில்லை என்பதே அந்தக் காலணிகள் சொன்ன செய்தி. இன்று ஏதோ ஒரு கூடத்தில் முதன்முறையாக விரிப்பில் காலடி வைக்கும் சிறுமிக்கு, தட்டினால் விடுவார்கள் என்ற உறுதியை அவளது ஆசான் மட்டும் தந்தால் போதாது. இந்த நாடும் தர வேண்டும்.