தாலியும் குடியுரிமையும்

சென்ற இதழில் ரேஷன் அட்டையின் பெயர்மாற்றம் பற்றி எழுதியதைக் கண்ட அங்கத்தினர் ஒருவர், அதனினும் பெரியதொரு விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். ரயில்வேயில் பணிபுரியும் தம் குமாரருக்குப் பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணை நிச்சயித்திருக்கிறாராம். கல்யாணம் முடிந்ததும் மருமகள் இந்தியப் பிரஜையாகிவிடுவாளா என்பது அவருடைய கேள்வி.

ஆகமாட்டாள். தாலி ஏறியதும் கோத்திரம் மாறலாம், குடியுரிமை மாறுவதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, இந்தியப் பிரஜையை மணந்தவர் இந்நாட்டில் ஏழாண்டுகள் வசித்த பின்னரே பிரஜையாகப் பதிவு பெற விண்ணப்பிக்கலாம். அதுவரையில் அவள் அந்நிய நாட்டவளே.

ஆகவே கோயிலில் நடந்த விவாகத்தைத் தாமதமின்றிப் பதிவு செய்துகொள்வது முதற்காரியம். நம்மவர்கள் மறுவீடு, குலதெய்வ வழிபாடு யாவற்றையும் நாள் பார்த்து முடிப்பார்கள். பதிவு அலுவலகத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மனைவிக்குரிய என்ட்ரி விசாவுக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம். 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளவும் வேண்டும். இக்காலத்தில் அது கணினி மூலமாகவே நடைபெறுகிறது.

விசாவின் தவணையை நீட்டித்துக்கொள்ள மறந்தால் அபராதத்துடன் போய்விடும் என்று எண்ணும் கணவன்மார் உண்டு. காலாவதியான சீசன் டிக்கெட்டைப் போன்றதன்று இது. 2004 டிசம்பர் 3 முதல் அமலிலுள்ள விதிப்படி, இந்தியாவில் பிறக்கும் குழந்தை பிறப்பினாலேயே பிரஜையாக வேண்டுமானால், பெற்றோர் இருவரும் பிரஜைகளாக இருத்தல் வேண்டும். அல்லது ஒருவர் பிரஜையாயிருக்க, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லாதவராக இருத்தல் வேண்டும். முறையான பாஸ்போர்ட்டுடன் வந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிவிட்டவரையும் சட்டம் சட்டவிரோதக் குடியேறியவர் என்றே கருதுகிறது. தகப்பன் கவனியாது விட்ட ஒரு தேதி, பிள்ளையின் பிறப்புரிமைக்கே ஊறு விளைவிக்கக்கூடும். நாட்காட்டியில் பெண்ணே அத்தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா? ஏழாண்டுக் கணக்கை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதங்கள் இடைவிடாது இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்திய எட்டாண்டுகளில் மொத்தம் ஆறாண்டுகள் வசித்திருக்க வேண்டும். ஆதலின் ஆரம்ப ஆண்டுகளில் சில மாதங்கள் பினாங்கில் தங்கி வருவதால் பாதகமில்லை. கடைசி ஆண்டில்தான் பயணம் கூடாது. விசேஷ காரணமிருப்பின் 30 நாட்கள் வரை மத்திய சர்க்கார் தளர்த்தலாம் என்று 2015-இல் திருத்தம் செய்தார்கள். குழந்தை அங்கே பிறந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரக அலுவலகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லையென்று பெற்றோர் உறுதி கூறவும் வேண்டும். பாட்டியார் ஆசையால் அங்கேயே ஒரு பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் அவ்வுறுதியைக் கூற இயலாது.

பதிவு பெற்ற விவாகம் இரண்டாண்டுகள் நீடித்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அடிக்கடி விசா நீட்டிக்கும் தொல்லை அதனால் ஒழியும். ஆனால் அது குடியுரிமையன்று. வாக்குரிமை இல்லை, விளைநிலம் வாங்க இயலாது. மேலும், மனைவி என்ற முறையில் பெற்ற அட்டையை, விவாகம் ரத்தானால் சர்க்கார் ரத்து செய்யலாம். பினாங்குப் பெண்ணுக்கு வேறொரு வழியும் உண்டு. 1950 ஜனவரி 26 அன்று இந்தியப் பிரஜையாகத் தகுதி பெற்றிருந்தவரின் கொள்ளுப்பேத்தி வரையில், வம்சாவளியைக் கொண்டே அட்டை பெறலாம். அவ்வாறு பெற்றதற்கும் கணவனுக்கும் சம்பந்தமில்லை. முன்னோரின் பிறப்பை நிரூபிக்கும் பழங்காகிதம் கிடைப்பதுதான் அரிது. எனினும் தேடிப் பார்ப்பது நன்று.

இப்பிரிவின் பழைய வாசகத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1955-இல், இந்தியப் பிரஜையை மணந்திருக்கும் பெண்ணுக்கு மட்டுமின்றி, முன்பு மணந்திருந்த பெண்ணுக்கும் இவ்வுரிமை இருந்தது. அயல்நாட்டுக் கணவனுக்கோ இல்லை. 1986-இல்தான் ஆணுக்கும் அது கிடைத்தது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘மணந்திருந்த’ என்பது நீங்கி, ‘மணந்திருக்கும்’ என்பது மட்டும் எஞ்சியது. ஆறாம் ஆண்டில் கணவனை இழந்தவள் இப்பிரிவின் கீழ் வர இயலாது. பன்னிரண்டு ஆண்டு வாசம் கேட்கும் 6-ஆம் பிரிவை நாட வேண்டும். இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் ஏழாண்டு நிறைந்ததும், “அட்டைதான் இருக்கிறதே” என்று வாளாவிராமல், கலெக்டர் அலுவலகத்தின் வழியே விண்ணப்பத்தைச் செலுத்திவிட வேண்டும். நமது நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லையாதலால், மலேசியக் குடியுரிமையைத் துறந்தாக வேண்டும். அதற்கு அவள் மனம் இசைகிறதா என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே இரு வீட்டாரும் அவளிடம் கேட்டறிவது முறை.

மாப்பிள்ளைக்கும் ஒரு சொல். 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின்படி, அயல்நாட்டவரை மணந்த ஊழியர் அதை உடனே சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். மேலதிகாரியிடம் கல்யாணப் பத்திரிகை கொடுத்தது தெரிவித்ததாகாது. எழுத்து மூலம் கொடுத்து, நகலில் தேதியிட்ட முத்திரை பெற்றுக்கொள்க.