கத்தியும் தீட்டுகல்லும்

அண்மையிற் குடித்தனம் தொடங்கிய அன்பர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடுக்களைக்குக் கத்தி வாங்கச் சென்றாராம். கடைக்காரர், மரத்தாங்கியிற் செருகிய ஏழு கத்திகளை ஒருபுறமும், ஏறக்குறைய அதே விலையுள்ள தனிக்கத்தி ஒன்றை மறுபுறமும் எடுத்து வைத்தாராம். "ஏழா, ஒன்றா?" என்பது அவர் வினா. ஒன்றே என்பது எமது விடை. அதற்குக் காரணம் கூறுவதோடு, அவ்வொன்றைத் தெரிந்தெடுக்கும் வகையையும் இவ்வாரம் எழுத எண்ணுகிறோம். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவிடும் குடும்பங்களே எம்மிடையே மிகுதி. ஆதலின் இஃது அற்பமான வினா அன்று.

எம்மவர் வீடுகள் பலவற்றிலே கத்தியை வாங்குபவர் ஒருவர்; அதனைக் கொண்டு அரிபவர் வேறொருவர். வாங்குபவர் பளபளப்பைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார். அரிபவரோ, சில மாதங்களில் மழுங்கிப்போன அத்தகட்டை வைத்துக்கொண்டு நாள்தோறும் பூசணிக்காயோடு மல்லுக்கட்டுகிறார். மழுங்கிய கத்தி கையை வெட்டாது என்று நம்புவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. கூரான கத்தி சிறு அழுத்தத்திலேயே இறங்கிவிடும். மழுங்கியதைப் பலங்கொண்டு அழுத்த வேண்டும். அழுத்தும்போது அது காயின் தோலில் வழுக்கும். வழுக்கியது மறுகையின் விரலிற் பாயும். வெங்காயம் அரிகையிற் பெருகும் கண்ணீரிலும் மழுங்கிய கத்திக்குப் பங்குண்டு. வெங்காயத்தின் கலங்கள் சிதையும்போதே கண்ணை உறுத்தும் ஆவி பிறக்கின்றது. கூரிய விளிம்பு கலங்களை அறுத்துச் செல்கின்றது. மழுங்கியதோ அக்கம்பக்கத்துக் கலங்களையும் சேர்த்து நசுக்குகின்றது. ஆகவே அரிபவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கைக்கு அடங்காத கைபிடி எத்துணை அழகாயினும் வேண்டா. (அரிபவர் ஆடவராகவும் இருக்கலாம், இக்காலத்தில் இருக்கவும் வேண்டும்.)

நிற்க. எத்தனை கத்திகள் வேண்டும்? ஏழு கத்திப் பெட்டியிலே நான்கு கத்திகள் பெரும்பாலும் தாங்கியை விட்டு வெளியே வருவதேயில்லை. எமது கணக்கிலே, 7 அல்லது 8 அங்குல அலகுள்ள பெரிய கத்தி ஒன்றும், 3 அல்லது 4 அங்குல அலகுள்ள சிறு கத்தி ஒன்றும் இருந்தாற் போதும். முதலாவது மரக்கறிக்கும் இறைச்சிக்கும். இரண்டாவது தோல் சீவுவதற்கும் சின்ன வெங்காயம் உரிப்பதற்கும். பாண் மிகுதியாக உண்ணும் வீடாயின் பல்வைத்த கத்தி ஒன்றை மூன்றாவதாகச் சேர்க்கலாம். அதன் பற்களை வீட்டிலே தீட்டுதல் எளிதன்று. ஆதலால் விலை குறைந்ததே சாலும். தேங்காய் உடைப்பதற்கு மெல்லிய கத்தியை எடுத்தால் விளிம்பு தெறித்துப் போகும். அவ்வேலைக்குக் கொடுவாக்கத்தி இருக்கின்றது. பலகையிற் பொருத்திய பழைய அரிவாளை வைத்திருப்போர் அதனை எறிந்துவிட வேண்டா. இரு கைகளாலும் மீனைப் பற்றிக்கொண்டு அரிய இடந்தரும் அக்கருவிக்கு நிகரான பிறநாட்டுக் கருவி ஒன்றை நாம் இன்னும் கண்டிலோம்.

இனி உருக்கைப் பற்றிப் பார்ப்போம். இரும்பிலே நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரையிற் காபன் கலந்து, அதனைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கும்போதே கத்திக்கு வேண்டிய வன்மை உண்டாகின்றது. பழைய லொறிகளின் வில்லுத்தகட்டை அடித்து எமது கொல்லர்கள் செய்யும் கத்திகள் இவ்வகையின. இவற்றின் விலை பெரும்பாலும் குறைவு. தோய்ச்சல் சரியாயின் கூர் நன்றாக ஏறும். மழுங்கினால் எளிதில் தீட்டலாம். குறை யாதெனில், ஈரத்தில் விட்டால் துருப்பிடிக்கும். வாழைக்காயும் வாழைப்பொத்தியும் அரிந்தாற் கறுக்கும். வாழைக்காயிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்வதால் வரும் கருமை அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அக்காலத்தார் எழுதுமை செய்ததும் இதே இரசாயனத்தைக் கொண்டுதான் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கலாம். அரிந்தவுடன் கழுவித் துடைத்து, இரண்டொரு துளி தேங்காயெண்ணெய் பூசி வைப்போர்க்கு இக்கத்தி நெடுங்காலம் உழைக்கும். சோம்பல் உள்ளவர்க்கு இது ஆகாது.

உருக்கு இந்நாட்டிற்குப் புதிய பொருளன்று என்பதையும் இங்கே கூறாமற் செல்ல மனம் வரவில்லை. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவப் பிரதேசத்திலே, மலைச்சரிவுகளில் வீசும் தென்மேற் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்புலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையான காலத்தன. அவ்வுலைகளிற் காபன் மிகுந்த உருக்கும் விளைந்தது என்பதை, அவற்றைப் போன்ற உலையைக் கட்டி மூட்டிப் பார்த்த கில்லியன் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் 1996 ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

கடைகளில் 'ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்' என வழங்கும் கறையில் உருக்கோ நூறாண்டு கடந்த அண்மைக்காலப் பொருள். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே ஹரி பிறியர்லி என்பவர் 1913 ஆம் ஆண்டில் இவ்வகை உருக்கொன்றை உருவாக்கினார். நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாத குரோமியம் சேர்ந்தால், அது காற்றோடு கூடி உருக்கின் மேற்புறத்திற் கண்ணுக்குத் தெரியாத மென்படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்கின்றது. துரு எளிதில் அணுகாது. எனினும் கறையில் உருக்குகள் எல்லாம் ஓரினத்தன அல்ல. கரண்டிகளிற் பொறித்திருக்கும் 18/8, 18/10 என்ற எண்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும், 8 அல்லது 10 பங்கு நிக்கலும் என்பது அதன் பொருள். அவ்வுருக்கு கரண்டிக்கும் சட்டிக்கும் மிக நன்று. காய்ச்சித் தோய்த்து வன்மையேற்ற முடியாததாகையாற் கத்திக்கு உதவாது. இவ்வெண்கள் பொறித்த கத்தி அலகைக் கண்டாற் கீழே வைத்துவிடுக. ஐயமாயின், சிறு காந்தத் துண்டொன்றைச் சட்டைப்பையிற் கொண்டு செல்லுங்கள். கரண்டி உருக்கிலே காந்தம் ஒட்டாது, அல்லது மிக மெல்லென ஒட்டும். வன்மையேற்றிய கத்தி உருக்கிலே இறுகப் பற்றும். ஒட்டியதெல்லாம் நல்ல கத்தி என்பதற்கில்லை. ஒட்டாத உருக்குக் கத்தியை விலக்கிவிடலாம் என்பதே இச்சோதனையின் பயன்.

கடையிலே வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். கத்தியை நீளவாட்டிற் கண்ணுக்கு நேரே பிடித்தால் அலகு கோணாமல் நேராய்த் தோன்ற வேண்டும். விளிம்பை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, மழுங்கிய இடங்களில் மட்டும் வெண்புள்ளிகள் மின்னும். அலகு கைபிடிக்குள் அசையலாகாது. இடைவெளி இருந்தால் அதனுள்ளே நீரும் அழுக்கும் சேரும். பிளாத்திக்குக் கைபிடியை இழிவாக எண்ண வேண்டா. 1884 இல் தொடங்கிய சுவிற்சர்லாந்தின் விக்டோரினொக்ஸ் நிறுவனத்தார் செய்யும் அத்தகைய கத்திகளை இறைச்சிக்கடைக்காரரும் சமையற்றொழிலாளரும் விரும்பி வாங்குகின்றனர். அலகு மிகத் தடித்திருப்பின் கரட்டை அரியாது, ஆப்புப்போலப் பிளக்கும். "தீட்டவே தேவையில்லை" என்ற விளம்பரத்தோடு, விளிம்பெங்கும் நுண்பற்கள் வைத்து வருவனவற்றை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அவை மழுங்கும் நாளில் எறிவதையன்றி வேறு வழியில்லை. ஜப்பானியக் கத்திகளின் புகழ் உண்மையானதே. ஆனால் அவற்றுட் பல மிக வன்மையாகத் தோய்க்கப்பட்டவை, எலும்பிற் பட்டால் விளிம்பு தெறிக்கக்கூடியவை. நண்டும் கோழியும் வெட்டும் எம் அடுக்களைக்குச் சற்று மென்மையான உருக்கே பொருந்தும்.

ஏழு கத்திகளின் விலையை ஒன்றிலே போடச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டா. நடுத்தர விலைக் கத்தி ஒன்றும் தீட்டுகல் ஒன்றும் என்பதே எமது கருத்து. உலகிலே தீட்டாமல் நிலைத்திருக்கும் கூர் எதுவுமில்லை. கல்லில்லாத வீட்டிலே உயர்ந்த கத்தியும் ஓராண்டில் மற்றவற்றோடு ஒன்றாகிவிடும். இரும்புக் கடைகளிலே ஒருபுறம் கரடாகவும் மறுபுறம் மென்மையாகவும் அமைந்த இருமுகக் கல் கிடைக்கும். அதனை நீரில் நனைத்து, வழுக்காதிருக்க ஈரத்துணியின்மேல் வையுங்கள். கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அக்கோணத்திற் பாதி, பின்னர் அதிற் பாதி எனச் சாய்த்து, இன்னும் சிறிது தாழ்த்தினால் ஏறக்குறைய 20 பாகை வரும். அச்சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனிவரை தேய்க்க வேண்டும். வேகம் வேண்டா, சாய்வு மாறாமையே வேண்டும். சற்று நேரத்தில் மறுபக்க விளிம்பிலே நுண்ணிய பிசிர் ஒன்று எழும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே மெல்ல இழுத்தால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளத்துக்கு விரலை ஓட்டலாகாது. சிறுவர்க்கு இதனை இருமுறை சொல்லுங்கள். பிசிர் முழுநீளத்திற்கும் எழுந்த பின்னரே மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். பெரும்பாலார் தோல்வியுறுவது பிசிர் எழுமுன் திருப்பிவிடுவதனாலேயே. பின்பு மென்புறத்தில், அழுத்தாமல், இரு பக்கமும் மாறி மாறிச் சில முறை இழுத்தாற் பிசிர் நீங்கும். கனிந்த தக்காளியின் தோலிலே கத்தி தயங்காமல் இறங்கினால் வேலை முடிந்தது. மாதத்துக்கு ஒருமுறை இதற்குக் கால்மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வீட்டுக்குப் போதும்.

விடுதி அறையிலே தாமே சமைத்துண்ணும் மாணவர்களுக்குக் கல்லும் வேண்டியதில்லை. தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவிளிம்பிலே பளிங்குப் பூச்சில்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதிலே அதே சாய்வில் இரு பக்கமும் சில முறை இழுத்தாற் சிறு கத்தி அன்றைய வேலைக்கு ஆகும்.

தீட்டிய கூரைக் காப்பதற்குப் பலகை வேண்டும். பீங்கானிலோ கண்ணாடித் தட்டிலோ கருங்கல் மேடையிலோ வைத்து அரிவது கூரை அன்றே கொல்வதாகும். மரப்பலகை சிறந்தது. அரிந்தவற்றைப் பலகையிலிருந்து வழிக்கும்போது விளிம்பாலே சுரண்டாமல் முதுகாலே தள்ளுங்கள். கழுவும் தொட்டியிலே பாத்திரங்களோடு சேர்த்துக் கத்தியை அமிழ்த்தி வைப்பது, விளிம்புக்கும் கேடு, நுரைக்குள் கைவிடுபவர்க்கும் கேடு. கத்தியைக் கையிற் கொடுக்கலாகாது, கீழே வைத்தே மற்றவர் எடுக்க வேண்டும் என்று எம் பாட்டிமார் சொல்வர். கொடுத்தாற் பகை வரும் என்பது அவர்கள் கூறும் காரணம். பகை வருமோ அறியோம், விரல் தப்பும்.

திருவலையின் பற்கள் தேய்ந்தால் என் செய்வது என்று வினவிய அம்மையாருக்கு அடுத்த வாரம் விடையளிப்போம்.