எதிர்முனையில் யார் இருந்தார்கள்?

காயலான் கடையிலோ பழம்பொருள் விற்பனையிலோ டயல் இல்லாத ஒரு கறுப்புப் போன் கண்ணில் பட்டால் அதற்குக் கூடவே ஒரு கதையும் முளைத்துவிடும். ஜமீன் வீட்டுப் போன் என்பார்கள், துரை பங்களா போன் என்பார்கள், ராணுவ ரகசியப் போன் என்றுகூடச் சொல்வார்கள். கதை ஏற ஏற விலையும் ஏறும். வாங்குகிறவர் முதலில் கேட்பது, “எத்தனை வருஷம் பழசு?” அடுத்துக் கேட்பது, “எந்தக் கம்பெனி?” இந்த இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தாலும் அந்தப் பொருள் என்னவென்று தெரிந்துவிடாது. கடிகாரத்தைத் தனியாக மேசைமேல் வைத்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். தொலைபேசி அப்படியில்லை, அதில் பாதிதான் நம் கையில் இருக்கிறது, மீதி கம்பியின் மறுமுனையில் இருந்தது. ரிசீவரை எடுத்தால் அந்தப் பக்கம் யார் பேசியிருப்பார்கள் என்பதிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

ரயில்வேயின் பழைய கன்ட்ரோல் போனை எடுத்துக்கொள்வோம். அதில் டயல் கிடையாது. ரிசீவரின் பிடியிலோ பெட்டியிலோ, பேசும்போது அழுத்திப் பிடிக்க ஒரு விசை இருக்கும். பார்க்கிறவருக்கு ஏதோ பாதியில் விட்ட போன்போலத் தோன்றும். ஆனால் ஒரு செக்‌ஷனில் உள்ள எல்லா ஸ்டேஷன்களும் ஒரே ஜோடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. மறுமுனையில் ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலர் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அவரை மணியடித்துக் கூப்பிட வேண்டியதில்லை. எடுத்துப் பேசினால் போதும். கன்ட்ரோலருக்கு ஒரு குறிப்பிட்ட ஸ்டேஷன் வேண்டுமானால், அந்த ஸ்டேஷனின் செலக்டர் கருவிக்கு மட்டும் புரிகிற துடிப்புகளைக் கம்பியில் அனுப்புவார். அங்கே மட்டும் மணி ஒலிக்கும். அழுத்தும் விசையும் காரணமில்லாமல் வைத்ததல்ல. வரிசையாக இத்தனை ஸ்டேஷன்களின் மைக்கும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்தால் கம்பி முழுக்க இரைச்சல்தான் மிஞ்சும். ஆக, டயல் இல்லாதது குறையல்ல. மறுமுனையில் ஒரு மனிதர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. தயாரித்த ஆண்டை மட்டும் தெரிந்துகொண்டவருக்கு இதில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

இதே கேள்வியோடு மற்றவற்றைப் பார்த்தால் அவையும் பேசத் தொடங்கும். பக்கவாட்டில் கைப்பிடி இருந்தால், அதைச் சுற்றித்தான் மறுமுனையில் மணி அடிக்க வைத்தார்கள் என்று பொருள்; அங்கே ஒரு ஆபரேட்டரோ இன்னொரு கைப்பிடிப் போனோ இருந்திருக்கும். (சுற்றிப் பார்க்கிறவர் திருகாணிகளில் கை வைக்காதிருப்பது நல்லது, ஷாக் நன்றாகவே அடிக்கும்.) வரிசையாகப் பொத்தான்கள் இருந்தால் கீழே அறுபட்டுத் தொங்கும் வயரைப் பாருங்கள். சாதாரணப் போனுக்கு எக்ஸ்சேஞ்ச் வரை இரண்டே கம்பி போதும். பொத்தானை அழுத்தி நேராக மானேஜரையோ கிடங்கையோ கூப்பிடும் பழைய இன்டர்காமுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் கம்பி ஓடியிருக்கும். விரல் தடிமனுக்கு வடம் இருக்கும். கனத்த வார்ப்பிரும்புப் பெட்டிக்குள் இருந்தால் சுரங்கத்தை நினைக்கலாம், அங்கே ஒரு தீப்பொறி வெளியே வந்தால் வாயு பற்றிக்கொள்ளும். பேட்டரிக்கு இடமே இல்லாமல், பேசுகிறவரின் குரலே மின்சாரம் உண்டாக்கும்படி செய்தது என்றால் அது கப்பலில் இருந்திருக்கலாம். மின்சாரம் போனாலும் கப்பலைச் செலுத்தும் மேடைக்கும் எஞ்சின் அறைக்கும் இடையே பேச்சு நிற்கக் கூடாதல்லவா?

“செல்போனில் படம் எடுத்து இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே” என்று கேட்கலாம். தேடல் பொருத்திப் பார்ப்பது போனின் வெளிக்கூட்டின் வடிவத்தை. இந்தத் துறையில் கூடுதான் நம்ப முடியாத சாட்சி. நார்வே ஓவியர் ஜீன் ஹைபெர்க் 1930களின் தொடக்கத்தில் எரிக்சன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பேக்கலைட் போனின் சாயல் உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டிஷ் தபால் துறை 1937இல் கொண்டுவந்த 300 வரிசையிலும் அதே சாயல்தான். நம் பெங்களூரில் 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையின் தொழில்நுட்பம் லிவர்பூல் நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்தது. அங்கே உருவான கறுப்புப் போன்களிலும் அந்த ஜாடை தெரியும். ஒரே கூட்டை வீட்டுப் போனுக்கும் மில்லின் தனி எக்ஸ்சேஞ்ச் போனுக்கும் மாட்டலாம். டயலின் இடத்தை ஒரு மூடியால் அடைத்துவிட்டால் வேறு போன்.

“அடியில் ஆண்டு அச்சிட்டிருக்கிறதே” என்பது அடுத்த வாதம். அச்சிட்டிருக்கலாம், ஆனால் அது அந்தப் பாகத்தின் ஆண்டு. போன்கள் சந்தாதாரருக்குச் சொந்தமாக இல்லாமல் துறையின் உடைமையாக வாடகைக்கு இருந்த காலத்தில், பழுதானவை பட்டறைக்குத் திரும்பி, ஒன்றின் ரிசீவரும் இன்னொன்றின் டயலும் மூன்றாவதன் அடித்தட்டும் சேர்ந்து மறுபடி வெளியே போயின. ஆண்டைவிட டயலே நல்ல சாட்சி. எண்களின் வரிசை சில சமயம் நாட்டையே காட்டிக்கொடுக்கும். நியூசிலாந்து டயலில் எண்கள் தலைகீழ். அங்கே 1 சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் போகும். பிரிட்டனின் அவசர எண் 999 ஆக இருக்க, அவர்களுடையது 111 ஆனதற்கு இதுவே காரணம். ஸ்வீடன் டயல் 0இல் தொடங்கும்.

இன்னொரு எதிர்ப்பு நியாயமானது. காசு கொடுத்து வாங்கியவர் அதைப் பளபளப்பாக்கி, உள்ளே புதுச் சர்க்யூட் வைத்து, வரவேற்பறையில் ஒலிக்கச் செய்ய ஆசைப்படுவதில் என்ன தவறு? தவறில்லை, அது அவர் பொருள். ஆனால் கன்ட்ரோல் போன் எந்தக் காலத்திலும் வீட்டு லைனில் வேலை செய்யப் பிறந்ததல்ல. அதை அப்படி ஆக்க வேண்டுமானால் அதை அதுவாக வைத்திருந்த பாகங்களைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். அந்த அமைப்புகளெல்லாம் ஆவணங்களில் இருக்கின்றனவே என்றால், ஆவணம் சொல்வது எப்படிப் பொருத்தினார்கள் என்பதை. எந்தப் பொத்தான் தேய்ந்திருக்கிறது, எது தொடாமல் புதிதாகவே இருக்கிறது என்பது போனில்தான் இருக்கிறது. பொத்தான்களின் அருகே பென்சிலில் எழுதி ஒட்டிய சீட்டுகளும் அப்படித்தான். விற்பவர் ஈரத்துணியை எடுத்ததும் முதலில் போவது அவைதான்.

எனவே இப்படி ஒன்றை வாங்கினால், துடைப்பதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தையும் வயர்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்தக் கட்டடத்திலிருந்து கழற்றியது என்று விற்றவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிப் போனுக்குள்ளேயே மடித்து வைத்துவிடுங்கள். மாற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.