உபதேசியார் வீட்டு அடுப்பை யார் பார்த்தது?

போன கோடையில் மாகறலில் எங்கள் காலனிக்கு ஒரு வேன் வந்தது. வடநாட்டில் ஊழியம் செய்கிற மிஷனரிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசும் ஜெபக்குழுப் பிள்ளைகள். தெற்கத்திப் பேச்சு. நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வேப்பமரத்தில் இந்தியப் படத்தை மாட்டி, சிவப்புப் புள்ளி வைத்த இடங்களைக் காட்டினார்கள். "வாலிபர்களைக் கொடுங்க. முடியாதவங்க ஒரு மிஷனரி குடும்பத்தைத் தாங்குங்க. மாசாமாசம் உங்களால ஆனதைக் கொடுங்க" என்று கேட்டார்கள்.

எண்பதைத் தாண்டிய ஆயா ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்: "ஏம்பா, குடும்பத்தையும் தாங்கணும்னு சொல்றியே, ரொம்ப சரி. எங்க நைனா நாப்பது வருசம் உபதேசியாரா இருந்தாரு. செய்யாத்து மணல்ல நடந்தே ஏழு சேரிய பாத்தாரு. எங்க குடும்பத்த யாரு தாங்கனாங்க?"

பிள்ளைகளிடம் பதில் இல்லை. "ஜெபிக்கிறோம் பாட்டி" என்றார்கள். வேன் போய்விட்டது. கேள்வி இங்கேயே நிற்கிறது.

தோழர்களே, இது சபைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மிஷனரி வேலை என்பது மூன்று வேலை: ஆளெடுப்பது, பயிற்சி கொடுப்பது, அந்த ஆளையும் அவர் குடும்பத்தையும் கடைசிவரை தாங்குவது. எந்த இயக்கமும் இந்த மூன்றையும் செய்தாக வேண்டும். இதில் சாதி எங்கே நுழைந்தது, யார் கணக்கில் வந்தார், யார் கணக்கில் வராமல் போனார் என்று பார்த்தால், கடைசியில் அது நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

முதலில் ஆளெடுப்பு. தரங்கம்பாடியில் 1706-இல் புராட்டஸ்டன்ட் மிஷன் தொடங்கியது. தஞ்சாவூர் படையில் சேவகம் பார்த்த ராஜநாயக்கன் என்ற பறையர், சீகன்பால்கு மொழிபெயர்த்து அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தானே படித்து அந்த மிஷனைத் தேடி வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. உபதேசியார் ஆனார். தஞ்சைச் சீமையில் சபைகளைக் கட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1733-இல் முதல் இந்தியக் குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், வெள்ளாளர். அடுத்து 1741-இல் தியோகு. ராஜநாயக்கன் பேரும் குருப்பட்டத்துக்கு அடிபட்டது. ஆனால் பறையர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு நிறுத்திவிட்டார்கள். 1771-இல் சாகும்வரை அவர் உபதேசியார்தான். ஆள் பிடிக்க, அடி வாங்க, நடந்து தேய அவர் வேண்டும். அப்பம் பிட்க மட்டும் அவர் கை ஆகாது.

கத்தோலிக்க மிஷன் இதற்கும் முன்னாலேயே மிஷனரியையே இரண்டாகப் பிரித்துவிட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த நோபிலி பிராமண சன்னியாசி வேடம் போட்டார். அந்த வேடத்தோடு சேரிக்குள் போக முடியாதே! 1640 வாக்கில் பண்டாரசாமி என்று வேறொரு வகைப் பாதிரியை உண்டாக்கினார்கள். மேலே போகிறவருக்கு ஒரு உடை, கீழே போகிறவருக்கு ஒரு உடை. சாதியை ஒழிக்க வந்தவர்களின் பயிற்சிப் பாடமே சாதி என்று ஆனது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. குமரி மாவட்டம் மயிலாடியில் மகராசன் என்ற சாம்பவர் சிதம்பரம் யாத்திரை போனார். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார், வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்து சும்மா இருந்தாரா? எங்களுக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று விடாமல் கேட்டார். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தது அவர் கேட்டதால்தான். 1809-இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே போகும்போது பொறுப்பை வேதமாணிக்கத்திடம்தான் விட்டுப்போனார். அடுத்த வெள்ளைக்கார மிஷனரி 1818-இல் வரும்வரை சபை கலைந்துவிடவில்லை, நின்றது. அப்படியென்றால் யார் யாரை ஆளெடுத்தது? மிஷனரி வந்து நம்மைத் 'தூக்கிவிட்டார்' என்று எழுதிவைத்திருக்கிறார்களே, உண்மையில் நம் ஆள் போய் மிஷனரியைக் கூட்டிவந்தார்.

பஞ்சாபிலும் இதே கதைதான். 1873-இல் சியால்கோட் பக்கம் தித் என்ற சுஹ்ரா, தோல் வியாபாரி, கால் ஊனமானவர், ஞானஸ்நானம் கேட்டு வந்தார். எங்களோடு தங்கிவிடு என்று மிஷனரி சொன்னதற்கு முடியாது என்று தன் ஊருக்கே திரும்பினார். வசவும் ஒதுக்கலும் வாங்கினார். அவர் வழியாகத்தான் அவர் சனம் ஆயிரக்கணக்கில் வந்தது. எந்தப் பயிற்சிக் கூடமும் அவரைத் தயார்செய்யவில்லை. அவர் சேரிதான் அவருக்குப் பயிற்சிக்கூடம்.

நம் செங்கல்பட்டுச் சீமைக்கு வருவோம். மாகறலும் அன்றைக்கு அந்த ஜில்லாவில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டவும் கூடாது. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி இருக்கிறது அல்லவா, அந்த ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்து மிஷனரி, 1837-இல் சென்னைக்கு வந்தவர். 1838-இல் அவருடைய பள்ளியில் இரண்டு பறையர் பையன்கள் இருக்கிறார்கள் என்று மேல்சாதிக்காரர்கள் கலாட்டா செய்தார்கள். பையன்களை வெளியே அனுப்பமாட்டேன் என்று நின்றார். பிள்ளைகள் கும்பலாக வெளியேறினார்கள், அவர் அசையவில்லை. 1890-ஐ ஒட்டிய வருடங்களில் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி ஆகிய மிஷனரிகள் பண்ணை அடிமைத்தனத்தையும் நிலமில்லாக் கொடுமையையும் எழுதி எழுதி அரசாங்கத்தைக் குடைந்தார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை கொடுத்தார். 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது.

ஆனால் இந்த மிஷனரிகள் அந்த நிலைக்குத் தானாக வந்துவிடவில்லை. சேரி சனங்கள் மிஷன் பங்களா வாசலில் போய் நின்று எங்கள் வழக்கைப் பாரு, எங்கள் நிலத்தைப் பாரு என்று கேட்டார்கள். இதெல்லாம் உலக ஆசை, ஆவிக்குரிய தாகம் இல்லை என்று முகம் சுளித்த மிஷனரிகளும் இருந்தார்கள். ஏசு வேணும், ஏர் ஓட்ட நிலமும் வேணும் என்று கேட்டது நம் சனம். மிஷனரிக்கே பாடம் எடுத்தது சேரி. அந்தப் பாடத்தைச் சேரிக்கும் பங்களாவுக்கும் நடுவே சுமந்தவர் உபதேசியார். அரசாணையில் கையெழுத்துப் போட்டவர் பெயர் இருக்கிறது, அறிக்கை எழுதியவர் பெயர் இருக்கிறது. உபதேசியார் பெயர் எங்கே?

இப்போது தாங்குதல். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலரைப் பறிகொடுத்தபின் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே பள்ளிக்கூடமும் வைத்தார்கள். இதை நான் கிண்டல் செய்யவில்லை. பெண்சாதி பிள்ளையைப் பறிகொடுத்தவன் வேறென்ன செய்வான்? ஒருத்தனை வேலைக்கு அனுப்பினால் அவன் குடும்பமும் அந்த வேலையில்தான் இருக்கிறது என்று அவர்கள் அனுப்பிய சங்கத்துக்குத் தெரிந்திருந்தது. சம்பளம், பங்களா, சில வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போக விடுப்பு என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது. கேள்வி என்னவென்றால், அதே காலரா சேரிக்கும் வந்தது. உபதேசியார் பிள்ளைகளுக்கு எந்த மலை?

இந்தியர்களே மிஷனரிகளை அனுப்பத் தொடங்கியபோதாவது இது மாறியதா? 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம், 1905-இல் தேசிய மிஷனரி சங்கம். இந்தியப் பணம், இந்திய ஆள். இரண்டிலும் முன்நின்ற வி.எஸ். அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளை மிஷனரிகளை வைத்துக்கொண்டே, எங்களை வேலைக்காரராக நடத்தாதீர்கள், நண்பராக நடத்துங்கள் என்ற பொருளில் பேசினார். சரியான அடி! பிற்பாடு அவர் பேராயராக இருந்த தோர்ணக்கல்லில் திரண்டு வந்தவர்கள் பெரும்பாலும் மாலாக்கள், மாதிகாக்கள். வெள்ளைக்காரன் இந்தியனை நண்பனாக்க வேண்டும் என்பது சரி. இந்தியக் கிறிஸ்தவன் சேரிக்காரனை என்னவாக்கினான்? அந்தப் பேச்சின் பாதி இன்னும் பேசப்படாமல் இருக்கிறது.

இன்றைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே போகிற மிஷனரிகளை இங்கே இருக்கிற ஜெபக்குழுக்கள் தாங்குகின்றன. அவர்கள் பிள்ளைகள் படிக்க டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. தாங்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். யாரைத் தாங்குவது என்பதில்தான் கண் மறைக்கிறது. ஆயிரம் மைல் தாண்டிப் போனால் மிஷனரி. அடுத்த சேரிக்கு நடந்து போனால் வெறும் உபதேசியார். அவர் பெண்சாதி வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்து, எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டில் உட்கார்ந்து அழுதால் அதற்குப் பெயரே இல்லை.

அரசாங்கம் தன் பங்குக்கு இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறது. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தோழர், இந்து செருப்புத் தைப்பவருக்குக் கொடுக்கும் பெட்டிக்கடை எனக்கு ஏன் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்வரை போனார். 1985-இல் தோற்றார். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மதம் பார்க்காதே என்று சொன்னது, கிடப்பில் போட்டார்கள். 2022-இல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். ஆணையம் மேல் ஆணையம்!

இதற்கும் மிஷனரி ஆளெடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தமிழ்நாட்டில் ஒரு நாடார் கிறிஸ்தவர் ஊழியத்துக்குப் போனால் அவர் பிள்ளையின் சான்றிதழ் மாறாது. அன்றும் பி.சி., இன்றும் பி.சி. ஒரு பறையரோ சக்கிலியரோ பகிரங்கமாக ஊழியத்துக்குப் போனால் அவர் பிள்ளை எஸ்.சி. சான்றிதழை இழக்கும். சேரி அதேதான், டீக்கடையில் பார்வை அதேதான், சான்றிதழ் மட்டும் வேறு. அர்ப்பணிப்பு, அர்ப்பணிப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த விலையைக் கணக்கில் எழுதுகிறார்களா?

சபைக்குள் எதுவுமே மாறவில்லை என்று சொல்லவும் மாட்டேன். குருகுலத்தில் 1987-இல் தலித் இறையியலுக்கு ஒரு துறையே வந்தது, அரவிந்த் நிர்மல் அதை நடத்தினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் மாணவர்களைச் சேரியிலும் குடிசைப்பகுதியிலும் குடியிருந்து படிக்கவைத்தார்கள். அங்கேதான் பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார், ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதுதான் நற்கருணை என்றார். பயிற்சி என்றால் அது பயிற்சி. 2022-இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார அவ்வளவு காலம் ஆனது. மேலே ஒரு கர்தினால் வந்ததில் சந்தோஷம். கீழே அந்த ஆயாவின் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அவள் அப்பா செத்தபிறகு பென்ஷன் கேட்டு அவள் அம்மா ஒரு மிஷன் ஆபீஸுக்கு எத்தனையோ நடை நடந்திருக்கிறாள். "இன்னைக்கு போய் நாளைக்கு வான்னாங்க. அம்மா களையெடுக்கப் போயிட்டா" என்றாள். அவ்வளவுதான் கதை.

சரி, சபையைத் திட்டியாயிற்று. இப்போது நம்மைப் பார்ப்போமா?

நம் இயக்கங்களும் ஆளெடுக்கின்றன. கல்லூரி விடுதியில், நீல விளக்கு வெளிச்சத்தில், அம்பேத்கர் படத்துக்குக் கீழே எத்தனை பையன்கள் "முழுநேரமா வரேன் தோழர்" என்று கையைத் தூக்கியிருக்கிறார்கள்! பயிற்சி முகாம் நடத்தினோம். அதற்கப்புறம்? அவன் வீட்டு வாடகை, அவன் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சியின் படிப்பு எல்லாம் யார் தலையில்? கல்யாணமானபிறகு அவன் மனைவி பட்டறையில் தறி நெய்தோ நூறுநாள் வேலைக்குப் போயோ அடுப்பை எரியவைத்திருக்கிறாள். அந்தக் கூலியில்தான் அவன் மேடையில் பேசினான். அவளை நாம் தோழர் என்று கூப்பிட்டதுண்டா? "தோழருடைய வீட்டம்மா" என்றுதானே சொன்னோம்!

1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனது நம் சனம். அந்தப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இரண்டு பெயரையும் வருடாவருடம் சொல்கிறோம், வீரவணக்கம் என்கிறோம். நூறு வருடத்துக்கு முன்னால் உபதேசியார் சுமந்த அதே நில வழக்கு அது. வீரவணக்கத்துக்கு மறுநாள் அந்த மாதிரி வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்று போய்ப் பார்க்க ஒரு ஆளை நியமித்தோமா? மிஷன்காரனாவது யாரோ ஒருத்தன் குடும்பத்தையாவது தாங்கினான். நாம் தியாகம் என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிட்டோம்.

அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் முழுநேரமாக வேலை செய்தவர்கள் பெயரை எழுதுவோம், உபதேசியார்களையும் சேர்த்து, அவர்கள் வீட்டுப் பெண்கள் பெயரோடு எழுதுவோம். மாநாட்டுக்கு டிஜிட்டல் பேனர் கட்டுகிற காசில் பாதியை முழுநேரத் தோழர்களின் குடும்ப நிதியாக வைப்போம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அந்த வட்டாரக் கிளையே ஏற்கட்டும். நிதியின் கணக்குப் புத்தகம் பெண் தோழர்கள் கையில் இருக்கட்டும், அடுப்பின் நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும். இதைச் செய்ய முடியாதென்றால், இன்னொரு மாணவனைப் பார்த்து "முழுநேரமாக வா" என்று கூப்பிட நமக்கு உரிமை இல்லை.

சபைக்குள் இருக்கிற தோழர்களே, அடுத்த முறை மிஷனரிக் காணிக்கைத் தட்டு வரும்போது போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுவிட்டு அந்த ஆயா மாதிரி ஒரு கேள்வியும் கேளுங்கள். நம் கூட்டங்களில் துண்டு ஏந்தி வரும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

அந்த ஆயாவிடம் அவள் அப்பா பெயரைக் கேட்டு என் நோட்டில் எழுதியிருக்கிறேன். "அம்மா பேரையும் எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன்.